காக்கா கடி

எங்கள் வேனில் பதினான்கு பிள்ளைகள் வருவார்கள். வழி நெடுகச் சத்தம்தான். முந்திரித் தோப்பைத் தாண்டிப் பால் சொசைட்டி முன்னால் நிற்கும்போது மட்டும் அந்தச் சத்தம் அடங்கிவிடும். அங்கே ஒரு பிள்ளை ஏறுவாள். அவள் தங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது என்று மற்றப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிப் பக்கத்து இடத்தில் வைத்துக்கொள்வார்கள். நான் கதவைத் திறந்து, கையைப் பிடித்து ஏற்றி, அந்தப் பைகளைப் பார்ப்பேன். அவளும் பார்ப்பாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

உடையார்பாளையத்துக்கு வெளியே இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்து வேனில் நான் ஆயா. பிள்ளைகளை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் உரசிக்கொண்டு போகிற ரோடு. சின்ன வேலை இல்லை. ஆனால் பெரியவர்களோடு பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நான்கு பேர் நிற்கிற இடத்தில் யாராவது என்னைப் பார்த்து ஏதாவது கேட்டால் பதில் தெரிந்திருந்தாலும் வாய் வராது.

அந்தப் பிள்ளையை அவள் அம்மா பாப்பா என்று கூப்பிடுவாள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்பு. கெட்டிக்காரி. எட்டாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் சொல்வாள். ஆனால் அவளுக்கு எதுவும் பொறுக்காது. பென்சில் வேண்டுமென்றால் கேட்பதற்கு முன்னால் கை போய்விடும். கையைத் தட்டிவிட்டால் அடி. அடித்தவளைத் தள்ளிவிட்டால் கடி. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இரண்டு பிள்ளைகளைக் கடித்துவிட்டாள். இன்னும் ஒரு முறை நடந்தால் வேனில் ஏற்றமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். அப்பா சிங்கப்பூரில். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அவர்கள் ஊருக்குப் பள்ளிக்கூட நேரத்தில் பஸ் கிடையாது. வேன் இல்லையென்றால் பள்ளிக்கூடமும் இல்லை.

மாதம் ஒரு முறை அம்மா அவளைத் திருச்சிக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் வேன் நின்றபோது என்னிடம் சொன்னாள்.

"இது திமிரு இல்லன்னு டாக்டரு சொல்றாங்கம்மா. கோவம் வர்றதுக்கும் கை நீளுறதுக்கும் நடுவுல நமக்கெல்லாம் கொஞ்சம் எடம் இருக்காம். இவளுக்கு அது ரொம்பக் கம்மியாம். பழக்கித்தான் பெரிசாக்கணுமாம்."

"எப்படிப் பழக்குறதாம்?"

"ஒரு சிநேகிதி வேணுமாம். நெறைய வேண்டாம், ஒருத்தி போதும்னாங்க. அந்த ஒருத்திக்கு நான் எங்க போறது?"

அதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி மிட்டாய். வேனில் தின்பண்டம் கூடாது என்பது பள்ளிக்கூடத்துச் சட்டம். அது தெரிந்தும், பெட்டிக்கடையில் கமர்கட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். பாப்பாவிடம் கொடுத்து, எல்லாருக்கும் கொடு என்றேன். பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு பழையபடி பையை வைத்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தது. தின்று முடித்ததும் எழுந்தது.

"எங்கடி போற? மிட்டாய் வாங்குனல்ல?" என்றாள் பாப்பா.

"தின்னாச்சு."

"அப்பத் துப்பு."

அது சிரித்தது. பாப்பா அதன் சடையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் உட்காரவைத்தாள். நான் விலக்கிவிடுவதற்குள் ரிப்பன் கையோடு வந்துவிட்டது. பின்சீட்டிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ஆயாம்மா, இவ கடிச்சா தொப்புளச் சுத்தி ஊசி போடணுமா, இல்ல கையிலயே போட்டுக்கலாமா?" வேனே சிரித்தது. வேன் ஓட்டுகிற தம்பியும் சிரித்தான். அன்றோடு மிட்டாயை நிறுத்தினேன். முந்தானையில் மிச்சமிருந்ததை என் பையின் அடியில் போட்டுவைத்தேன்.

காலாண்டு லீவு முடிந்து புதிதாக ஒரு பிள்ளை வந்தது. அப்பாவுக்குப் பெரம்பலூரிலிருந்து இங்கே மாற்றலாகியிருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணாடி கீழே விழாமல் இருக்கக் கழுத்தோடு கயிறு. அவள் பால் சொசைட்டிக்கு முந்தைய நிறுத்தத்தில் ஏறினாள். பை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பாப்பா ஏறியபோது வேனில் ஒரு இடம் காலியாக இருந்தது. பாப்பா அங்கே போய் உட்கார்ந்தாள். நான் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"கண்ணாடிக்கு எதுக்குக் கயிறு?"

"கழண்டு வுழுந்துடும்ல."

"நான் போட்டுப் பாக்கட்டா?" கேட்கும்போதே கை கண்ணாடிக்குப் போய்விட்டது.

"கைய எடு. கேட்டா நான் குடுக்கறவரைக்கும் இருக்கணும். எங்க அம்மாயி வூட்டு கன்னுக்குட்டிகூட இருக்கும்."

முன்சீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திரும்பிவிட்டார்கள். பாப்பா கையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கன்னுக்குட்டிக்குக் கண்ணாடி போடுவியா?" என்று கேட்டாள்.

இரண்டும் சிரித்தன. பள்ளிக்கூடம் வருவதற்குள் கண்ணாடி ஒருமுறை பாப்பாவின் மூக்குக்குப் போய்த் திரும்பி வந்தது.

சிநேகிதம் கிடைத்தது இப்படி. அதைக் காப்பாற்றுவதுதான் பாடாக இருந்தது. கண்ணாடிக்காரி வேறு யாரிடமாவது பேசினால் பாப்பா அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். பிள்ளைகள் கூடிப் பாட்டுப் பாடுகிற பின்சீட்டுக்கு அவள் போக நினைத்தால் பையின் வாரைப் பிடித்துக்கொள்வாள். கண்ணாடிக்காரி பொறுத்துக்கொள்கிற பிள்ளைதான். ஆனால் ஒருநாள் இறங்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஆயாம்மா, அவ புடிச்ச எடம் வலிக்குது."

பாப்பாவின் அம்மாவிடம் சொன்னேன். அவள் திருச்சியில் கேட்டுக்கொண்டு வந்தாள். போகிறவள் திரும்பி வருவாள் என்று பாப்பாவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதானாம். அதற்கு நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம். காலையில் பெட்ரோல் பங்க் வரைக்கும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும். அதற்குப் பிறகு கண்ணாடிக்காரி எங்கே வேண்டுமானாலும் போகலாம். சாயங்காலம் பங்கில் இருந்து மறுபடியும் பாப்பா பக்கத்தில் வந்துவிட வேண்டும். முதல் வாரம் பங்க் வரும்போதெல்லாம் பாப்பாவின் தாடை இறுகும். பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாயங்காலம் வந்துடுவா, வந்துடுவா என்று சொல்லிக்கொண்டே வருவேன். சாயங்காலம் அவள் வந்தாள். மறுநாளும் வந்தாள். மார்கழி பிறப்பதற்குள் பங்க் வந்தால் பாப்பாவே, "போடி, போய்ப் பாடிட்டு வா" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வேனில் காக்கா கடி பரவியது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதும் செய்ததுதான். ஒரே மிட்டாயைத் துணிக்குள் வைத்துப் பல்லால் உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வது. துணி நடுவில் இருப்பதால் எச்சில் இல்லை. பெரியவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துக் கொண்டுவந்து செய்தார்கள். யார் யாருக்குக் காக்கா கடி கொடுக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் யாருக்கு யார் ஜோடி என்று தெரியும். பாப்பாவுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அவள் பல் பக்கத்தில் துணியை நீட்ட யாருக்குத் தைரியம் வரும்?

ஒரு புதன்கிழமை சாயங்காலம் என் காதோடு வந்து கேட்டாள்.

"ஆயாம்மா, ஒரு கமர்கட்டு குடுங்க. ஒண்ணே ஒண்ணு. காக்கா கடி கடிச்சு அவளுக்குப் பாதி குடுக்கணும்."

இனி இல்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை எதையும் பாதி கொடுக்கணும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. பையின் அடியில் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடிக்காரி தன் யூனிபார்ம் பாவாடை நுனியில் அதை வைத்து மடித்து, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். "நான் புடிச்சிக்கிறேன், நீ கடி" என்றாள். பாப்பா குனிந்தாள். கமர்கட்டு பழசு, கல்லாக இருந்தது. முதல் கடியில் உடையவில்லை. மறுபடி வாயை அகலமாகத் திறந்தாள். அந்த நேரம் எதிரே லாரி ஏறி வந்தது. தம்பி வண்டியை ஒடித்து மண்ணில் இறக்கினான். வேன் தூக்கிப் போட்டது. பாப்பாவின் பல் விரல்மேல் இறங்கிவிட்டது.

கண்ணாடிக்காரி அலறினாள். பாப்பா விடவில்லை. கண் அகலத் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. நான் அவள் வாயோரத்தில் என் விரலை விட்டு நெம்பித்தான் பிரித்தேன். துணியில் ரத்தம் ஊறியது. கமர்கட்டு சீட்டுக்கு அடியில் உருண்டது.

தம்பி வண்டியை நிறுத்தாமலே கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். "என்ன ஆயாம்மா, திரும்பவும் கடிச்சிட்டாளா?"

"ஆமா தம்பி" என்றேன்.

அந்த ஒரு சொல்தான் சொன்னேன். சொல்லிவிட்டுக் குனிந்து கமர்கட்டை எடுத்தேன். ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். மிட்டாய் கொடுத்தது தெரிந்தால் நாளைக்கே என்னை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் அப்போது என் புத்தியில் இருந்தது. பாப்பா நான் எறிவதைப் பார்த்தாள்.

ராத்திரிக்குள் அந்த விரலின் போட்டோ பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. என் மகள் தன் போனில் காட்டினாள். கீழே வந்துகொண்டே இருந்த எழுத்துகளை நான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. அந்தப் பிள்ளையை எடுங்கள், இல்லையென்றால் எங்கள் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறோம்.

மறுநாள் தலைமை ஆசிரியை பாப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தாராம். காக்கா கடி என்று அவள் சொல்லியிருக்கிறாள். மிட்டாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். இல்லை. கண்ணாடிக்காரியிடம், வேனில் மிட்டாய் தின்றாயா என்று கேட்டிருக்கிறார். புதுப்பிள்ளை, பயந்து தலையை ஆட்டியிருக்கிறது, இல்லையென்று. மிட்டாய் யார் கொடுத்தது என்று பாப்பாவிடம் கேட்டதற்கு அவள் வாயே திறக்கவில்லையாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை எல்லாரையும் வைத்துப் பேசி முடிவு செய்யலாம், அதுவரை வேனில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா என் வீட்டுக்கே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பக்கத்துலதானம்மா இருந்தீங்க. மிட்டாய்ங்கறா. நெசமா? சொல்லுங்க. நான் எதையாவது புடிச்சிக்கிட்டு அங்க போயி நிக்கணும்."

"லாரி வந்துச்சு. நான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பால் சொசைட்டி முன்னால் பாப்பா யூனிபார்ம் போட்டு, பையோடு நின்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் வந்திருக்க வேண்டும். தம்பி நிறுத்தவில்லை. "நான் என்ன பண்றது ஆயாம்மா, எனக்குச் சொல்லியிருக்காங்க" என்று முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னான். வேன் தாண்டியபோது அவள் கையை ஆட்டவில்லை, ஓடிவரவும் இல்லை. அன்று யாரும் பையைப் பக்கத்தில் வைக்கவில்லை.

சனிக்கிழமை கூட்டத்துக்கு வேன்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கடைசியில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றேன். பாப்பாவின் அம்மா திருச்சி டாக்டரின் பைலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

"எங்க புள்ளைங்க என்ன, கடி வாங்குறதுக்கா பீஸ் கட்டுறோம்?" என்றார் ஒருவர்.

"கோச்சிக்காதம்மா, இந்த மாதிரிப் புள்ளைங்களுக்குன்னு தனியா ஸ்கூல் இருக்கு. அங்க சேத்தா அதுக்கும் நல்லதுதான்" என்றாள் இன்னொருத்தி.

பாப்பாவின் அம்மா பேசினாள். மூன்று மாதமாக அவள் யாரையும் தொடவில்லை, சிநேகிதி கிடைத்திருக்கிறாள், இப்போது பிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து போகும் என்றாள். தலைமை ஆசிரியை மேசையில் இருந்த கையெழுத்துத் தாளை எடுத்தார்.

நான் எப்போது முன்னால் நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. நடுவில் நின்று ஏதோ சொல்லியிருக்கிறேன். யாருக்கும் கேட்கவில்லை. தம்பிதான் சொன்னான்: "மேடம், ஆயாம்மா என்னமோ சொல்லுதுங்க."

"மிட்டாய் நான்தாங்க குடுத்தேன். அது காக்கா கடிதாங்க. ரெண்டும் பேசிக்கிட்டுதான் செஞ்சுதுங்க. வண்டி தூக்கிப் போட்டுச்சு. மிட்டாய நான்தாங்க ஜன்னல்ல எறிஞ்சேன்."

சத்தம் எழும்பியது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, இந்த வயதில் இப்படியா என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண்ணாடிக்காரியின் அம்மா மட்டும் எழுந்து என் எதிரே வந்து நின்றாள். படித்த பெண். மெதுவாகத்தான் பேசினாள்.

"சரிங்கம்மா. பல்லு தெரியாமப் பட்டுடுச்சு. ஆனா அவ விடவே இல்லன்னு எம் பொண்ணு தூக்கத்துலகூடச் சொல்றா. உடனே விட்டாளா, இல்லையா?"

பாப்பாவின் அம்மா என்னைப் பார்த்தாள். விட்டுட்டா என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும். நாக்கு அந்தச் சொல்லுக்குத்தான் போனது.

"உடனே விடலீங்க" என்றேன். "நான் வெரல வுட்டுத்தான் பிரிச்சேன். பயந்தா அதுக்குப் பல்லு பூட்டிக்கும். இந்தப் புள்ள கத்துனது அது காதுல வுழுந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. கோவத்துல கடிக்கிறப்ப அது மூஞ்சி வேற மாதிரி இருக்கும். அன்னிக்கு அந்த மூஞ்சி இல்ல. அது மட்டும் தெரியும்."

பாப்பாவின் அம்மா பைலைக் கீழே இறக்கினாள். கண்ணாடிக்காரியின் அம்மா தலைமை ஆசிரியையிடம் திரும்பினாள்.

"இவங்களுக்குப் பொய் சொல்லணும்னா இத மறைச்சிருப்பாங்க மேடம். நான் கம்ப்ளெய்ன்ட வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு. அவகூட உக்காரறதும் உக்காராததும் எம் பொண்ணு இஷ்டம். நானும் சொல்ல மாட்டேன். வேற யாரும் உக்காரு உக்காருன்னு சொல்லக் கூடாது."

அப்படித்தான் முடிந்தது. கண்ணாடிக்காரி சரி என்று சொல்லும்வரை பாப்பா என் பக்கத்துச் சீட்டில் வர வேண்டும். என்னை இந்தப் பரீட்சை முடியும்வரை வைத்துக்கொள்வார்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். வெளியே வந்தபோது பாப்பாவின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"மூணு நாளு ஆச்சும்மா உங்களுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பால் சொசைட்டி முன்னால் வேன் நின்றது. பைகள் எல்லாம் பழையபடி சீட்டுக்குப் போயின. கண்ணாடிக்காரியின் பை மட்டும் அவள் மடியில் இருந்தது. விரலில் கட்டு. பாப்பா நடுவழியில் அவள் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"உக்காரட்டா?"

கண்ணாடிக்காரி தன் விரலைப் பார்த்தாள். "இன்னிக்கு வேணாம்."

பாப்பாவின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு தெரிந்தது. எழுந்து போய் நடுவில் நிற்கலாமா என்று எனக்குக் கால் துடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.

"நாளைக்கு?"

"தெரியல."

பாப்பா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் புடவை நுனியைப் பிடித்து முறுக்கினாள். பள்ளிக்கூடம் வரும்வரை முறுக்கினாள். பின்னால் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் போய்க் கேட்டாள். வேணாம். புதன்கிழமையும் வேணாம். "இன்னிக்கும் பெயிலு" என்றான் அந்தப் பின்சீட்டுப் பையன். பாப்பா அவனைப் பார்த்தாள், ஒன்றும் செய்யவில்லை. யாருக்கும் ஒன்றும் செய்யாமல் அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்த மூன்று நாளும் நான் அவள் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்று உடையும், இன்று உடையும் என்றே இருந்தது. கண்ணாடிக்காரியிடம் ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்று வாய்வரை வரும். யாரும் சொல்லக் கூடாது என்பதை நினைத்து விழுங்கிவிடுவேன்.

வியாழக்கிழமை பாப்பா ஏறினாள். கேட்கப் போகவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன்மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது. போயிற்று, அவ்வளவுதான் என்று நினைத்தேன். பெட்ரோல் பங்க்குக்கு முந்தைய வளைவில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏய். இன்னிக்குக் கேக்க மாட்டியா?"

பாப்பா தலையைத் தூக்கவில்லை. "நீ வேணாம்னுதான சொல்லுவ."

"கேளேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். வண்டி ஓடும்போது பிள்ளைகளை எழுந்திருக்க விடக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் காலை ஒதுக்கி அவளுக்கு வழி விட்டேன்.